புக்கேலே மாதிரி ஒருத்தர் வேணும் என்பதற்கு முன்

மொட்டையடித்த கைதிகள் அரைக்கால் சட்டையோடு நெருக்கியடித்துக் குனிந்து உட்கார்ந்திருக்கும் வீடியோ உங்களுக்கும் வந்திருக்கும். மத்திய அமெரிக்காவில் உள்ள சின்ன நாடான எல் சால்வடாரின் பெரிய சிறை அது. 'நம்ம ஊருக்கும் இப்படி ஒருத்தர் வேணும்' என்ற வரியும் கூடவே வரும்.

அந்த 'ஒருத்தர்', அந்நாட்டு அதிபர் நயிப் புக்கேலே. அவரைத் திட்டுகிறவர்களிடமிருந்தே தொடங்குகிறேன். அவரை ஆதரிக்கும் மக்களை ஏமாளிகள் என்று நினைப்பது முதல் தவறு. 2015இல் அங்கே லட்சம் பேருக்கு 100 கொலைக்கு மேல். பெட்டிக்கடைக்காரர், பஸ் ஓட்டுகிறவர் என்று எல்லாரும் கும்பலுக்கு மாமூல் கட்டினார்கள். பக்கத்துத் தெரு வேறு கும்பலின் கையில் இருந்தால் அந்தப் பக்கம் கால் வைக்கவே பயம். இன்று அந்தப் பயம் பெருமளவு போய்விட்டது. இதை ஒத்துக்கொள்ளாமல் ஜனநாயகம் பேசினால் யார் காது கொடுப்பார்கள்?

அடுத்தது, 'கொஞ்ச நாளைக்குத்தானே' என்று விடுவது. 2022 மார்ச்சில் ஒரே நாளில் 62 பேர் கொல்லப்பட்டதும், 30 நாளுக்கு என்று சொல்லி நெருக்கடி நிலை கொண்டுவந்தார்கள். மாதாமாதம் ரீசார்ஜ் செய்வதுபோல் நீட்டித்தே வருடங்கள் ஓடிவிட்டன. 80,000 பேருக்கு மேல் கைது. அதில் ஆயிரக்கணக்கானோர் நிரபராதிகள் என்று அரசே விடுவித்தது. (1975 நெருக்கடி நிலை பற்றிக் கேட்டால் 'ரயில் நேரத்துக்கு வந்துச்சு' என்று சொல்லும் பெரியவர் நம் வீடுகளிலும் உண்டு.)

பெரிய தவறு, 'ஜனங்களே ஓட்டுப் போட்டுவிட்டார்கள், அப்புறம் என்ன' என்பது. 2024 தேர்தலில் அவருக்கு 80 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. ஆனால் அடுத்தடுத்து இரண்டு முறை அதிபராக அந்த நாட்டு அரசியல் சாசனம் இடம் தரவில்லை. எப்படி நின்றார்? 2021 மே 1 அன்று, புதிய சட்டசபை கூடிய முதல் நாளே, உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வில் இருந்த ஐந்து நீதிபதிகளையும் அவர் கட்சி நீக்கியது. புதிதாக உட்கார்ந்தவர்கள் நான்கே மாதத்தில், நிற்கலாம் என்று தீர்ப்புச் சொன்னார்கள். தேர்தல் நெருங்கியபோது சட்டசபை இடங்கள் 84இலிருந்து 60 ஆயின. 2025 ஜூலையில், எத்தனை முறை வேண்டுமானாலும் நிற்கலாம் என்று சாசனத்தையே மாற்றிவிட்டார்கள்.

நீதிபதி நீக்கமெல்லாம் சாமானியனுக்கு எட்டாத சங்கதி என்று தோன்றும். தவறாகப் பிடித்துக்கொண்டு போன மகனை விடச் சொல்லி ஒரு தாய் ஆட்கொணர்வு மனுவோடு போய் நிற்பதும் அந்த அமர்வின் முன்னால்தான்.