சொந்தக் கார் இல்லாமல் நீலகிரி: மலை ரயில், அரசு பஸ், டாக்ஸி மூன்றையும் எங்கே, எப்படிப் பயன்படுத்துவது

நீலகிரிக்குக் காரில் போனால்தான் வசதி என்று பலர் நம்புகிறார்கள். ஏப்ரல், மே மாதங்களில் மேட்டுப்பாளையம் - குன்னூர் மலைச்சாலையில் பர்லியாரைத் தாண்டி வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும்போது அந்த நம்பிக்கை போய்விடும். மேலே போய்ச் சேர்ந்தால் பார்க்கிங் தேடியே அரை நாள் கழியும். மலையேற ரயில் அல்லது பஸ், ஊருக்கு ஊர் போக பஸ், பஸ் போகாத முனைகளுக்கு மட்டும் டாக்ஸி என்று பிரித்துக்கொண்டால் செலவும் குறையும், அலைச்சலும் குறையும்.

இன்னொரு காரணம் இ-பாஸ். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் வரும் வெளி வாகனங்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும். 2025 கோடையில் வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் வைத்தார்கள். அரசு பஸ்ஸிலோ ரயிலிலோ வருகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. கோவையிலிருந்து டாக்ஸி பிடித்தால் அந்த வண்டிக்கும் பாஸ் வேண்டும். அதை யார் எடுப்பது, எந்தத் தேதிக்கு எடுப்பது என்பதை முதல் நாளே டிரைவரிடம் பேசிவிடுங்கள். சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு செல்போனில் பதிவு செய்வது பெரிய தொல்லை. நீலகிரிப் பதிவெண்ணான டிஎன் 43 வண்டிகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

மலை ரயில்

மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்குப் புறப்படும் வண்டி நண்பகலையொட்டி ஊட்டி சேரும். 46 கி.மீ. தூரத்துக்கு ஐந்து மணி நேரம் பிடிக்கும். ஊட்டியில் பிற்பகல் 2 மணிக்குப் புறப்படும் வண்டி மாலை 5.35 வாக்கில் கீழே வரும். சென்னை சென்ட்ரலில் இரவு 9.05க்குக் கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ் காலை ஆறேகால் வாக்கில் மேட்டுப்பாளையம் வந்து இந்த வண்டியைப் பிடித்துக் கொடுக்கும். கால அட்டவணை மாறக்கூடியது என்பதால் டிக்கெட் எடுக்கும் நாளில் ஒரு முறை சரிபாருங்கள்.

டிக்கெட்டுக்கு ஐஆர்சிடிசியில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. கோடை விடுமுறைக்கும் தீபாவளி, பொங்கலுக்கும் திறந்த அன்று காலையிலேயே முடிந்துவிடும். நிலையக் குறியீடுகளைக் கையில் வைத்திருங்கள்: மேட்டுப்பாளையம் எம்டிபி, குன்னூர் ஓஎன்ஆர், உதகமண்டலம் யுஏஎம். பெட்டிகள் கொஞ்சமே என்பதால் காத்திருப்புப் பட்டியல் மெதுவாகத்தான் நகரும். காத்திருப்பில் இருபதுக்கு மேல் இருந்தால் அதை நம்பி மற்ற ஏற்பாடுகளைச் செய்யாதீர்கள். முன்பதிவில்லா இடங்களும் சில உண்டு. அதற்கு விடியற்காலையிலேயே மேட்டுப்பாளையம் கவுண்டரில் வரிசையில் நிற்க வேண்டும்.

இடம் கிடைக்காதவர்கள் வழக்கமாகச் செய்வது குன்னூர் - ஊட்டி ரயிலில் ஏறுவது. நாளொன்றுக்குப் பல முறை ஓடுவதால் டிக்கெட் எளிதாகக் கிடைக்கும். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியாகப் போகிறது. கேத்திப் பள்ளத்தாக்கு அருமையாகத் தெரியும். ஆனால் அது டீசல் எஞ்சின், சாதாரணத் தண்டவாளம். 2005இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இந்தப் பாதையின் உயிர், கல்லாருக்கும் குன்னூருக்கும் இடையிலான பல்சக்கரப் பகுதிதான். குழந்தைகளுக்கு அதைக் காட்ட வேண்டுமென்றால் மேட்டுப்பாளையம் வண்டியைத் தவிர வேறு வழியில்லை.

கல்லாரில் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். அதுவரை சமதளத்தில் ஓடிய வண்டி இங்கே வேகத்தைக் குறைத்து, தண்டவாளங்களுக்கு நடுவே பதித்திருக்கும் இரண்டு வரிசைப் பற்களில் எஞ்சினின் பல்சக்கரத்தைப் பொருத்திக்கொள்ளும். ஒரு வரிசையின் பல்லும் அடுத்த வரிசையின் பல்லும் ஒன்றுக்கொன்று விலகி அமைந்திருப்பதால் எந்த நேரமும் ஏதோவொரு பல் பிடியில் இருக்கும். 12 அடி போனால் ஓர் அடி உயரும் ஏற்றம் இது. வெறும் இரும்புச் சக்கரம் வழுக்கிவிடும். நீராவி எஞ்சின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும். ஏறும்போது முதல் பெட்டிக்கு முன்னால் எதுவும் மறைக்காது என்பதால் முன்வரிசை இருக்கைக்குத்தான் போட்டி. ஒவ்வொரு பெட்டியின் மேடையிலும் ஒரு பிரேக்மேன் நிற்பார்; அவர் வழியை மறித்துப் படம் எடுக்காதீர்கள்.

தண்ணீர் பிடிக்க ஹில்குரோவ் போன்ற இடங்களில் வண்டி நிற்கும். டீ, வடை கிடைக்கும், குரங்குகளும் இருக்கும். பையைத் திறந்து வைத்தால் பிஸ்கட் பாக்கெட் போய்விடும். ரயிலுக்குள் கழிப்பறையை எதிர்பார்க்காமல் நிற்கும் நிலையத்தில் முடித்துக்கொள்ளுங்கள். பெட்டி குறுகலானது, பெரிய டிராலிப் பெட்டிக்கு இடம் இருக்காது. தோள்பையோடு ஏறுவதுதான் சரி.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் கல்லார் - குன்னூர் இடையே மண் சரிந்து ரயில் அடிக்கடி ரத்தாகும், சில சமயம் நாள்கணக்கில். ரயில் ரத்தானால் இ-டிக்கெட் பணம் தானாகத் திரும்பி வரும். ஆனால் அந்த மாதங்களில் ரயிலை மட்டும் நம்பிப் போகாதீர்கள். குன்னூர் பஸ் எங்கே நிற்கும் என்று முன்பே தெரிந்து வைத்திருங்கள்.

பஸ்

கோவையில் ஊட்டி பஸ்கள் மேட்டுப்பாளையம் சாலைப் புதிய பஸ் நிலையத்திலிருந்து கிளம்புகின்றன. ஏறத்தாழ 86 கி.மீ., மூன்று முதல் மூன்றரை மணி நேரம் ஆகும். மேட்டுப்பாளையத்திலிருந்து இரண்டு பாதைகள் மேலே போகின்றன. ஒன்று பர்லியார், குன்னூர் வழி; 14 கொண்டை ஊசி வளைவுகள். மற்றொன்று குஞ்சப்பனை, கோத்தகிரி வழி. சற்றுச் சுற்று, ஆனால் கூட்டம் குறைவு. கோடை சீசனில் ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியிலும் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியிலும் ஒருவழியாக்கிவிடுவது வழக்கம். ஊட்டியில் தங்கிவிட்டு, இறங்கும்போது குன்னூர் பார்த்துக்கொள்ளலாம் என்று திட்டமிட்டவர்கள் இதில்தான் மாட்டுவார்கள். சீசனில் குன்னூரை ஏறும்போதே முடித்துவிடுங்கள். இரண்டு பாதைகளிலும் யானை நடமாட்டம் உண்டு. பலாப்பழக் காலத்தில் இன்னும் அதிகம். யானை சாலையில் நின்றால் பஸ்ஸும் நிற்கும். அதற்கும் சேர்த்து நேரம் ஒதுக்குங்கள்.

குமட்டல் வருகிறவர்கள் பின் சீட்டில் உட்காரக் கூடாது. பின் சக்கரத்துக்கு அப்பால் இருக்கும் பகுதி வளைவில் அகலமாக வீசும். முன்பக்கம், ஜன்னலோரம் உட்கார்ந்து தூரத்துச் சாலையைப் பாருங்கள், செல்போனைப் பையில் போடுங்கள். வயிறு முட்டச் சாப்பிட்டும் ஏறாதீர்கள், முழுப் பட்டினியாகவும் ஏறாதீர்கள்.

ஊட்டியில் பஸ் நிலையமும் ரயில் நிலையமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. குன்னூரிலும் அப்படித்தான். அதனால் ரயிலில் ஏறிப் பஸ்ஸில் திரும்புவது மிக எளிது. குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் ஊட்டியிலிருந்து அடிக்கடி பஸ் உண்டு. கோத்தகிரி பஸ்ஸில் தொட்டபெட்டா ஜங்ஷனில் இறங்கினால் சிகரத்துக்கு மேலே ஏறத்தாழ 3 கி.மீ. நடை. கூடலூர் பஸ்ஸில் ஏறினால் ஒன்பதாவது மைல், பைக்காரா எல்லாம் அதே சாலையில் வருகின்றன. கண்டக்டரிடம் ஏறும்போதே இறங்குமிடத்தைச் சொல்லிவிட்டு, திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு வரும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கோத்தகிரியிலிருந்து கோடநாட்டுக்கும் பஸ் போகிறது. கடைசி பஸ் நேரத்தைக் கேட்காமல் ஏறாதீர்கள். மலையில் இருட்டிய பிறகு கிராமப் பஸ்கள் குறைந்துவிடும்.

கோடையில் ஊட்டி பஸ் நிலையத்திலிருந்து சுற்றுப் பேருந்துகள் விடுவார்கள். ஒரே சீட்டில் தாவரவியல் பூங்கா, தொட்டபெட்டா, படகு இல்லம் என்று ஏறி இறங்கலாம். குடும்பத்துக்கு இதைவிட மலிவான வழி இல்லை. பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் 2024இல் நீலகிரியின் சாதாரணக் கட்டணப் பஸ்களுக்கும் வந்தது. எல்லா பஸ்ஸிலும் கிடையாது என்பதால் ஏறும்போது கேளுங்கள்.

பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இங்கே தடை. சோதனைச் சாவடியில் பஸ்ஸிலும் ஏறிப் பார்ப்பார்கள், அபராதம் உண்டு. ஸ்டீல் பாட்டில் கொண்டுவந்தால் தண்ணீர் ஏடிஎம்களில் நிரப்பிக்கொள்ளலாம்.

டாக்ஸி

டாக்ஸி எடுக்க வேண்டிய இடங்கள்: குன்னூர் பக்கத்து லாம்ப்ஸ் ராக், டால்பின் நோஸ் போன்ற முட்டுச் சாலை முனைகள், காட்டுக்குள் இருக்கும் அவலாஞ்சி, வயதானவர்களோடு போகும் நாள். ஊட்டி லோக்கல், குன்னூர் பக்கம், பைக்காரா பக்கம் என்று மூன்று திசைகளாகவே பேரம் நடக்கும். ஒரே நாளில் இரண்டு திசை கேட்டால் எல்லாம் ஓட்டத்தில்தான் முடியும்.

பேசும்போது தொகையை மட்டும் பேசாதீர்கள். எத்தனை இடங்கள், அவற்றின் பெயர்கள், எத்தனை மணி நேரம், பார்க்கிங்கும் நுழைவுக் கட்டணமும் யாருடையது, மலைக்கு வெளியே இறக்கிவிட்டால் காலியாகத் திரும்பும் வண்டிக்கு வாடகை உண்டா, இரவு தங்கினால் டிரைவர் பேட்டா எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். மஞ்சள் போர்டு வண்டியில் மட்டும் ஏறுங்கள். வெள்ளை போர்டில் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் சிக்கலாகும். டீ, சாக்லேட் கடைகளில் நிறுத்த விருப்பமில்லை என்றால் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள், நல்ல டிரைவர்கள் தவறாக நினைக்க மாட்டார்கள். ஆட்டோவுக்கும் ஏறும் முன் வாடகை பேசியாக வேண்டும். ஆப் டாக்ஸியை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

அவலாஞ்சியில் குறிப்பிட்ட இடம் வரைதான் உங்கள் வண்டி. அதன்பின் வனத்துறை வண்டியில்தான் போக வேண்டும். தென்மேற்குப் பருவமழையில் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது. 2019 ஆகஸ்டில் அங்கே ஒரே நாளில் 82 செ.மீ. மழை பெய்தது.

மசினகுடிக்கு ஊட்டியிலிருந்து கல்லட்டி வழி பக்கம்தான், ஆனால் 36 கொண்டை ஊசி வளைவுகள், செங்குத்தான இறக்கம். விபத்துகள் காரணமாக வெளியூர் வண்டிகள் அந்த வழியில் இறங்க அனுமதி இல்லை. கோவை டாக்ஸியில் வந்தவர்கள் கூடலூர் சுற்றித்தான் போக வேண்டும், ஏறத்தாழ இரு மடங்குத் தூரம். மசினகுடிக்கு மட்டும் ஊட்டி வண்டி எடுப்பதே புத்திசாலித்தனம். மைசூரு போகிறவர்கள், பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும் என்பதை வைத்துக் கிளம்பும் நேரத்தைக் கணக்கிடுங்கள். ஊட்டியில் பிற்பகல் 4 மணிக்கு மேல் கிளம்புவது ஆபத்தான கணக்கு.

திரும்பும் நாளில் கோவையில் விமானமோ ரயிலோ இருந்தால் ஊட்டியிலிருந்து குறைந்தது ஆறு மணி நேரம் ஒதுக்குங்கள், சீசன் ஞாயிறு என்றால் எட்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ் இரவு 9 மணிக்கு மேல்தான் புறப்படும் என்பதால் பிற்பகல் 2 மணி மலை ரயிலில் இறங்கினாலும் போதிய நேரம் இருக்கும். மழை நாளில் அந்த ரயில் ரத்து என்று காலையிலேயே தெரிந்தால் மதியத்துக்கு முன்பே பஸ் பிடித்துக் கீழே இறங்கிவிடுங்கள்.