சிதம்பரத்தில் மாணவர்களுக்கு வாடகை வீடு: அக்ரிமென்ட் முதல் சாவி ஒப்படைப்பு வரை

அண்ணாமலை நகர்ப் பக்கம் வீடு தேடும் பையன்கள் ஒவ்வொரு கல்வியாண்டுத் தொடக்கத்திலும் என்னிடம் கேட்பது இரண்டே கேள்விதான். "அண்ணா, அட்வான்ஸ் எவ்வளவு கொடுக்கலாம்?" "ஓனர் திடீர்னு காலி பண்ணுன்னு சொன்னா என்ன பண்றது?" இரண்டாவது கேள்விக்குப் போனில் பதில் சொல்லி மாளவில்லை. அதனால் இந்தப் பதிவு. ஆராய்ச்சி மாணவனாக இருந்த காலத்தில், நண்பர்களோடு எடுத்த மாடி வீட்டில் இந்தச் சிக்கல் எனக்கே வந்து, ஒரு வழியாகத் தீர்ந்தது. நான் வக்கீல் இல்லை. வழக்கு என்று வந்துவிட்டால் வக்கீலைப் பாருங்கள்.

எந்தத் தெருவில் வாடகை குறைவு, புரோக்கரிடம் எப்படிப் பேரம் பேசுவது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். "குடியிருப்பவனை யாராலும் அசைக்க முடியாது" என்று ஊரில் பெரியவர்கள் சொல்வது 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை வைத்து. அது இப்போது இல்லை. 2017-இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதில் வாடகை எவ்வளவு, எத்தனை மாதம் என்பதையெல்லாம் இருவரும் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம்தான் தீர்மானிக்கும். அதனால் காகிதம் இல்லாதவன் பாடு திண்டாட்டம்.

படி 1: கட்டடம் யாருடையது?

சொத்து வரி ரசீதைக் கேளுங்கள். சிதம்பரம் நகராட்சி வேறு, அண்ணாமலை நகர் பேரூராட்சி வேறு. ரசீது எந்த அலுவலகத்துடையது, யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். ஓனர் என்று சொல்லி வாடகை பேசுபவர் சில சமயம் ஓனரின் மச்சானாக இருப்பார்.

இந்த ஊரில் கோயில், மடம், கட்டளை இடங்களில் நிற்கும் வீடுகளும் உண்டு. அரசுக் கட்டடங்களுக்கும், அரசு அறிவிக்கை செய்த அறநிறுவனங்களின் கட்டடங்களுக்கும், வக்ஃபு சொத்துக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது. கீழே நான் சொல்வதெல்லாம் தனியார் வீட்டுக்கு மட்டும்.

பெண்கள் விடுதியில் சேர்கிறீர்கள் என்றால் கதையே வேறு. அது வாடகை வீடு அல்ல. 2014-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி விடுதி நடத்துபவர் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம், தப்பில்லை.

படி 2: கையெழுத்து யார் போடுவது?

எங்களுக்குச் சிக்கல் தொடங்கிய இடம் இதுதான், எனவே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

மாணவர் வீடுகளில் வழக்கமாக நடப்பது இது. நாலு பேர் சேர்ந்து வீடு எடுப்பார்கள். அன்றைக்கு ஊரில் இருப்பவன் கையெழுத்துப் போடுவான். அவன் படிப்பு முடிந்து கிளம்புவான், அவன் இடத்துக்கு ஜூனியர் ஒருவன் பெட்டியோடு வந்து இறங்குவான். வாடகை மட்டும் மாதா மாதம் போய்க்கொண்டே இருக்கும். ஓனரும் ஒன்றும் கேட்க மாட்டார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். பிறகு கூடுதல் வாடகை தருவதாக வேறு ஒரு குடும்பம் வந்தது. "அக்ரிமென்ட்டில் இருக்கிற தம்பி போய் ரொம்ப நாளாச்சே, நீங்கள்லாம் யாரு?" என்றார் ஓனர். அது வரை மாடிப்படியில் பார்த்தால் காபி சாப்பிட்டாச்சா என்று விசாரிக்கும் மனிதர்.

சட்டப்படி அந்தக் கேள்வியில் வலு இருக்கிறது. எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் வீட்டை இன்னொருவரிடம் விட்டுவிட்டுப் போவது, ஓனர் வெளியேற்றம் கேட்பதற்கு ஒரு காரணம். அதனால் மூன்று விஷயம்:

வீட்டில் தங்கும் எல்லோர் பெயரும் அக்ரிமென்ட்டில் இருக்க வேண்டும். "ஒருத்தர் போட்டா போதும் தம்பி" என்று ஆவண எழுத்தர் சொல்வார். கேட்காதீர்கள்.

ஒருவர் போய் இன்னொருவர் வரும்போது ஒரு பக்கத்தில் துணை ஒப்பந்தம் எழுதி, ஓனரின் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள். அது முடியாவிட்டால், வருபவரின் பெயரையும் ஆதார் நகலையும் ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி "சரி" என்று ஒரு பதிலாவது வாங்கி வையுங்கள். கையெழுத்துக்கு ஈடாகாது, ஆனாலும் "நீங்கள் யார்" என்ற கேள்வி வராது.

முதலாம் ஆண்டு மாணவருக்கு 17 வயதுதான் ஆகிறது என்றால் அவர் போடும் ஒப்பந்தம் செல்லாது. அப்பாவோ அம்மாவோ கையெழுத்திட வேண்டும்.

படி 3: எதை எழுதுவது?

கடையில் விற்கும் அச்சடித்த படிவம் வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. அதில் "குடியிருப்பவர் செய்ய வேண்டியவை" இரண்டு பக்கம் இருக்கும், ஓனருக்கு இரண்டு வரி. நீங்களே தட்டச்சு செய்து கொண்டுபோங்கள்.

அட்வான்ஸ்: மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது சட்டம். ஆனால் வேறு மாதிரி ஒப்பந்தம் இருந்தால் அது பொருந்தாது என்ற வாசகமும் அதே பிரிவில் இருக்கிறது. ஆறு மாதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு சட்டம் பேச முடியாது. பேரம் கையெழுத்துக்கு முன்னால்தான்.

பெயின்ட்: காலி செய்யும்போது "பெயின்ட்டுக்கு ஒரு மாத வாடகை" என்று கழிப்பது ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டது. சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவது, ஒயரிங், குழாய்ப் பாதை மாற்றுவது எல்லாம் ஓனர் வேலை. குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கடை அடைப்பு, பூட்டு, ஜன்னல் கண்ணாடி நம்முடையது. அக்ரிமென்ட்டில் மாற்றி எழுதியிருந்தால் அந்தப்படிதான். எனவே "பெயின்டிங் கழிவு" என்ற வரி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

கரண்ட்: உங்கள் போர்ஷனுக்குத் தனி சர்வீஸ் நம்பர் இருக்கும் வீட்டையே தேடுங்கள், வாடகை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இத்தனை என்று ஓனர் வசூலித்தால் அந்தச் சலுகை உங்கள் கைக்கு வருவதில்லை.

வாடகை உயர்வு: எப்போது, எவ்வளவு என்று எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால், உயர்த்துவதற்கு மூன்று மாதம் முன்பே ஓனர் நோட்டீஸ் தர வேண்டும்.

காலம்: வழக்கமாக எழுதும் 11 மாதம் முடிந்தும் புதுப்பிக்காமல் இருந்துகொண்டே இருந்தால், அதே நிபந்தனைகளில் மாதா மாதம் நீண்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆனால் அதிகபட்சம் ஆறு மாதம்தான்.

படி 4: வாடகை அதிகாரியிடம் பதிவு

அக்ரிமென்ட் எழுதினால் மட்டும் போதாது, அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். இவர் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி. நேரில் அலைய வேண்டாம், அரசின் டெனன்சி இணையதளம் (டெனன்சி டாட் டிஎன் டாட் ஜிஓவி டாட் இன்) வழியாகவே விண்ணப்பிக்கலாம். ஓனரும் செய்யலாம், நாமும் செய்யலாம். பதிவானதும் ஒரு எண் வரும்.

மொபைலில் போட்டோ எடுத்து ஏற்றாதீர்கள். ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்து பிடிஎஃப்-ஆக வாங்கிக்கொள்ளுங்கள். ஆதாரில் இருக்கும் இனிஷியலும் அக்ரிமென்ட்டில் இருக்கும் இனிஷியலும் ஒன்றாக இருக்கட்டும்.

"இதெல்லாம் எதுக்குத் தம்பி, வருமான வரி பிரச்சினை வரும்" என்று ஓனர் இழுப்பார். பாதிப் பேர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாது. எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லை என்பதையே காரணம் காட்டி ஓனர் வெளியேற்றம் கேட்க இந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. வாய்வார்த்தையில் குடியிருப்பது யாருக்கு வசதி என்று இப்போது புரிந்திருக்கும்.

படி 5: வாடகையை வங்கி வழியாக மட்டும்

ஜிபே, போன்பே, எது வேண்டுமானாலும். குறிப்பில் மாதத்தின் பெயரைப் போடுங்கள். ரொக்கம்தான் வேண்டும் என்றால் ரசீது. எங்களைக் காப்பாற்றியது இதுதான்: எங்கள் பெயர் அக்ரிமென்ட்டில் இல்லாவிட்டாலும், மாதா மாதம் எங்கள் கணக்கிலிருந்து ஓனர் கணக்குக்குப் பணம் போனது வங்கி அறிக்கையில் வரிசையாக இருந்தது. எங்களை யாரென்றே தெரியாது என்று சொல்ல அவருக்கு வழியில்லாமல் போயிற்று.

காலி செய்ய வைக்க நினைக்கும் ஓனர் முதலில் செய்வது வாடகையை வாங்க மறுப்பது. "ஆகா, இந்த மாசம் மிச்சம்" என்று சும்மா இருந்துவிடாதீர்கள். இரண்டு மாதப் பாக்கி சேர்வதற்குத்தான் அவர் காத்திருக்கிறார். அவர் மறுத்தால் வாடகை அதிகாரியிடம் செலுத்த வழி இருக்கிறது.

படி 6: "காலி பண்ணு" என்று சொன்னால்

பதறி மூட்டை கட்டாதீர்கள். ஒப்பந்தக் காலத்துக்குள் உங்களை வெளியேற்ற வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு வேண்டும். காரணங்களையும் சட்டமே சொல்கிறது: இரண்டு மாதப் பாக்கி வைத்து, கேட்பு நோட்டீஸ் வந்த ஒரு மாதத்துக்குள்ளும் கட்டாதது, அனுமதியின்றி வேறு ஆளிடம் விட்டது, எச்சரித்த பிறகும் வீட்டைத் தவறாகப் பயன்படுத்தியது, ஆள் இருக்கும்போது செய்ய முடியாத பெரிய பழுதுபார்ப்பு அல்லது இடித்துக் கட்டுவது, இப்படிச் சில. "அதிக வாடகைக்கு ஆள் வந்திருக்கு" என்பது அதில் இல்லை.

முதல் வேலை, "காரணத்தை எழுத்தில் கொடுங்கள்" என்று மரியாதையாகக் கேளுங்கள். பல விவகாரம் அதோடு அடங்கிவிடும். நீங்கள் அனுப்பும் பதிலை வாட்ஸ்அப்போடு நிறுத்தாமல் தபாலிலும் அனுப்புங்கள். பதிவுத் தபால் இப்போது ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. கொடுத்ததற்கான ஒப்புகை வேண்டும் என்று கவுண்டரிலேயே சொல்லுங்கள்.

எங்கள் ஓனர் அடுத்து மோட்டாரை நிறுத்தினார். காலையில் பல் துலக்கத் தண்ணீர் இல்லை. கீழ்வீட்டில் மட்டும் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். தண்ணீர், கரண்ட் போன்ற அத்தியாவசிய வசதிகளை ஓனர் நிறுத்தக் கூடாது. வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்தால் உடனடியாகத் திரும்பத் தரச் சொல்லி இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு. மூடிய வால்வு, காலித் தொட்டி, தேதி தெரியும் வீடியோ, எல்லாவற்றையும் எடுத்து மனுவோடு வைத்தோம். மனுவின் நகலை ஓனரிடம் காட்டிய அன்று மாலையே மோட்டார் ஓடியது.

பூட்டுப் போட்டுவிட்டால்? காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீதை வாங்குங்கள். "இது சிவில் மேட்டர்" என்பார்கள். சரிதான், ஆனால் அதே காரணத்தால் ஓனருக்காக அவர்கள் உங்களைக் காலி செய்ய வைக்கவும் முடியாது. சட்ட வழியில்லாமல் வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு இடத்தைத் திரும்பக் கேட்கலாம். வக்கீலுக்குக் காசில்லை என்றால் வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கிறது. சட்ட உதவி எண் 15100-க்கு அழைத்தாலும் வழி சொல்வார்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கும் வருமானம் பார்க்காமலே இலவச உதவி உண்டு.

இதை இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்த பிறகும் அடம்பிடித்து உட்கார்ந்தால் முதல் இரண்டு மாதத்துக்கு இரட்டை வாடகை, அதற்கு மேல் நான்கு மடங்கு என்று ஓனர் இழப்பீடு கேட்கலாம். பரீட்சை வரைக்கும் இருக்க வேண்டும் என்றால் முன்கூட்டியே பேசி எழுதி வாங்குங்கள். பெரும்பாலான ஓனர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

படி 7: சாவி ஒப்படைப்பு

குடிபோகும் அன்றும் காலி செய்யும் அன்றும் ஒரே இடங்களை வீடியோ எடுங்கள்: சுவர், பாத்ரூம் குழாய், மீட்டர் ரீடிங். காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பாக்கியைக் கழித்துக்கொண்டு அட்வான்ஸைத் திருப்ப வேண்டும். "அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க" என்று கடைசி இரண்டு மாத வாடகையைக் கட்டாமல் விடுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். எழுத்தில் சம்மதம் இல்லாவிட்டால் அது பாக்கிதான்.

பின்சேர்க்கை

படித்தவர்கள் கேட்டவற்றில் மூன்று இங்கே.

ஒரு மாணவியின் அம்மா: ஓனர் மாற்றுச் சாவி போட்டு உள்ளே வந்து பார்க்கிறாராம். கூடாது. பழுது பார்க்கவோ சோதிக்கவோ வர வேண்டுமானால் 24 மணி நேரம் முன்னால் தெரிவிக்க வேண்டும். உள்தாழ்ப்பாள் சரியாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள் அம்மா.

வீட்டை விற்றுவிட்டார்கள், புது ஓனர் அக்ரிமென்ட் செல்லாது என்கிறார் என்று ஒருவர். செல்லும். வாங்கியவர் பழைய ஓனரின் இடத்துக்கு வருகிறார், அவ்வளவுதான். ஆனால் அட்வான்ஸ் யார் கையில் இருக்கிறது என்று இருவரிடமும் எழுதி வாங்கிவிடுங்கள்.

ஓனர் சிங்கப்பூரில் இருக்கிறார், பக்கத்து வீட்டுக்காரர்தான் எல்லாம் பார்க்கிறார் என்று இன்னொருவர். அவருக்கு ஓனர் கொடுத்த அதிகாரக் கடிதத்தின் நகலைக் கேளுங்கள். அது வரும்வரை அவர் கையில் பணம் கொடுக்காமல் ஓனர் கணக்கு எண்ணை வாங்கி அதிலேயே போடுங்கள்.