கார்டு உள்ளே இருக்கிறது, கேஷ் மட்டும் தெரியவில்லை: ஜிபிஎஸ் கருவியில் தவிர்க்க வேண்டிய மெமரி கார்டு தவறுகள்

பிறர் ஒளித்துவைத்த சிறு பெட்டிகளை (கேஷ்களை) ஜிபிஎஸ் கொண்டு தேடிப் பிடிக்கும் விளையாட்டுதான் ஜியோகேஷிங். அதற்குப் பயன்படும் கையடக்க ஜிபிஎஸ் கருவிகளுக்கு ஒரு பொல்லாத குணம் உண்டு. மெமரி கார்டைப் படிக்க முடியாவிட்டால் பல கருவிகள் வாயே திறப்பதில்லை. வழக்கம்போல ஆன் ஆகும், செயற்கைக்கோள்களைப் பிடிக்கும், தன்னிடமுள்ள அடிப்படை வரைபடத்தைக் காட்டும். நீங்கள் ஏற்றிய விரிவான வரைபடமும் கேஷ் பட்டியலும் வரவில்லை என்பது, காட்டுப் பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் நின்று திரையைப் பெரிதாக்கும்போதுதான் தெரியும். ஆகவே இங்கே சொல்லும் தவறுகள் எல்லாமே வீட்டு மேசையில் பிடிபட வேண்டியவை. உதாரணங்கள் கார்மின் நிறுவனக் கருவிகளை ஒட்டியவை.

கார்டு வாங்கும்போது

பெரிய கார்டு நல்ல கார்டு என்று நினைப்பதுதான் முதல் தவறு. 32 ஜிபிக்கு மேற்பட்ட மைக்ரோ எஸ்டி கார்டுகள் எஸ்டிஎக்ஸ்சி வகை. எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறையில் ஃபார்மட் ஆகியே விற்பனைக்கு வருகின்றன. ஆனால் பல ஜிபிஎஸ் கருவிகளுக்கு ஃபேட்32 என்ற பழைய முறை மட்டும்தான் புரியும். தனி மென்பொருள் கொண்டு 64 ஜிபி கார்டையும் ஃபேட்32 ஆக்கலாம்தான், ஆனால் அந்தப் பாடு தேவையில்லை. ஜியோகேஷிங்குக்கு 8 அல்லது 16 ஜிபி தாராளம். அதிவேகக் கார்டுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதாலும் பயனில்லை. அந்த வேகத்தைப் பயன்படுத்தும் திறன் கருவிக்குக் கிடையாது.

கார்டு வந்ததும் எஃப்3 அல்லது எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் ஒருமுறை முழுக்க எழுதிப் படித்துச் சோதியுங்கள். 16 ஜிபி என்று அச்சிட்டு உள்ளே அதைவிடக் குறைவாக இருக்கும் போலிகள் சந்தையில் உண்டு. அவற்றில் முதலில் ஏற்றியவை நன்றாகத் தெரியும், பின்னால் ஏற்றியவை சிதைந்து கிடக்கும்.

எந்த டிரைவை ஃபார்மட் செய்கிறீர்கள்?

கருவியை யுஎஸ்பியில் இணைத்தால் கணினியில் பெரும்பாலும் இரண்டு டிரைவ்கள் தெரியும்: ஒன்று கருவியின் உள் நினைவகம், மற்றது கார்டு. அவசரத்தில் முதலாவதை ஃபார்மட் செய்துவிட்டால் கருவியோடு வந்த வரைபடமும் மற்றக் கோப்புகளும் போய்விடும். ஃபார்மட் செய்ய வேண்டுமானால் கார்டைக் கழற்றி கார்டு ரீடரில் போட்டுச் செய்யுங்கள், குழப்பத்துக்கே இடமில்லை. பெரிய வரைபடங்களை ஏற்றவும் ரீடரே வேகமானது.

வரைபடத்தோடு விலைக்கு வந்த கார்டை மட்டும் எக்காரணம் கொண்டும் ஃபார்மட் செய்யாதீர்கள். அந்த வரைபடம் அந்தக் கார்டோடு பூட்டப்பட்டிருக்கும். நகலெடுத்து வைத்துக்கொண்டு வேறு கார்டில் போட்டால் திறக்காது.

கோப்பு இருக்கிறது, இடம் தவறு

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். புதிய கார்டில் எந்த ஃபோல்டரும் இருக்காது. 'கார்மின்' என்ற பெயரில் ஒரு ஃபோல்டரை ஆங்கிலத்தில் நீங்களே உருவாக்க வேண்டும். வரைபடக் கோப்பு அதற்குள் போக வேண்டும். அதனுள் 'ஜிபிஎக்ஸ்' என்று இன்னொரு ஃபோல்டர். கேஷ் விவரங்கள் அடங்கிய ஜிபிஎக்ஸ் வகைக் கோப்புகள் அதில். கார்டைத் திறந்ததும் தெரியும் வெளி இடத்தில் கோப்பைப் போட்டால் கருவி அதைத் திரும்பியும் பார்க்காது.

ஜிபிஎஸ்மேப் 60சிஎஸ்எக்ஸ் போன்ற பழைய கருவிகளில் இன்னும் கெடுபிடி. வரைபடக் கோப்பு ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம், பெயரும் 'ஜிமேப்சப்' என்றே இருக்க வேண்டும், ஆங்கிலத்தில் கடைசியில் 'பி' இரண்டு. ஒரு 'பி' விட்டுப்போனால் வரைபடம் இல்லை. அந்தத் தலைமுறைக் கருவிகள் கேஷ் புள்ளிகளைக் கார்டிலிருந்து எடுப்பதே இல்லை. மென்பொருள் வழியாக உள் நினைவகத்துக்கு அனுப்பினால்தான் உண்டு, அதுவும் 1000 புள்ளிகள் வரைதான். இட்ரெக்ஸ் 20, 30 முதலான பிந்தைய மாடல்களில் பல வரைபடங்களை வெவ்வேறு பெயர்களில் வைக்கலாம். எதுவானாலும் ஃபேட்32 கார்டில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியை எட்டக் கூடாது. கண்டம் முழுவதையும் ஒரே கோப்பாக ஏற்ற முயன்றால் பாதியில் நின்றுவிடும். பகுதி பகுதியாக எடுங்கள்.

ஜியோகேஷிங் தளத்திலிருந்து நாம் கேட்டு எடுக்கும் கேஷ் பட்டியலான பாக்கெட் குவெரி ஒன்றில் 1000 கேஷ்கள் வரை கிடைக்கும், ஆனால் வருவது ஜிப் கோப்பாக. அதை அப்படியே கார்டில் போடுவது அடிக்கடி நடக்கிற தவறு. பிரித்துப் போட வேண்டும். பிரித்ததும் பெரும்பாலும் இரண்டு ஜிபிஎக்ஸ் கோப்புகள் இருக்கும். இரண்டாவது சிறியது என்று ஒதுக்கிவிடாதீர்கள்: வண்டி நிறுத்துமிடம், நடைபாதை தொடங்கும் இடம், பல கட்டக் கேஷ்களின் இடைப்புள்ளிகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

மேக் கணினியில் நகலெடுப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. ஒவ்வொரு கோப்புக்கும் துணையாக, புள்ளியும் அடிக்கோடும் முன்னால் ஒட்டிய அதே பெயரில் ஒரு மறைகோப்பை மேக் கார்டில் எழுதி வைக்கும். கருவி அதையும் ஜிபிஎக்ஸ் என்று நம்பித் திறக்கப் பார்த்துத் தடுமாறும், சில நேரம் ஆன் ஆகும்போதே உறைந்துவிடும். நகலெடுத்த பின் மேக்கின் டெர்மினலில் 'டாட்_கிளீன்' கட்டளையால் அவற்றை நீக்குங்கள். ட்ராஷையும் காலி செய்யுங்கள். அதுவரை அழித்த கோப்புகளும் கார்டில் இடத்தை அடைத்துக்கொண்டுதான் இருக்கும்.

எதை எங்கே வைப்பது

கருவி எத்தனை கேஷ்களை ஏற்கும் என்பது மாடலைப் பொறுத்தது. கார்டில் இடம் மிச்சமிருந்தாலும் அந்த வரம்பு உயராது. வரம்பைத் தாண்டியவை சத்தமில்லாமல் விடுபடும். ஜிபிஎஸ்மேப் 64, ஓரிகன் 600 போன்றவை, ஜிபிஎக்ஸ் கோப்புகளைச் சுருக்கி அடக்கிய ஜிஜிஇசட் கோப்பைப் படிக்கும். பெரும் எண்ணிக்கைக்கு அதுவே வழி. இட்ரெக்ஸ் 20, 30 அதைப் படிக்காது.

போன மாதத்துக் கோப்பு உள் நினைவகத்தில், இந்த மாதத்தது கார்டில் என்று இரண்டும் கிடந்தால் கருவி இரண்டையும் வாசிக்கும். எப்போதோ அகற்றப்பட்ட கேஷைத் தேடி ஒரு மணி நேரம் புதரைக் கிளறுவது இப்படித்தான் நேர்கிறது. கேஷ் கோப்புகளை ஓரிடத்தில் மட்டும் வையுங்கள். கார்டு சிறந்தது என்பது எங்கள் முடிவு: சிதைந்த ஜிபிஎக்ஸ் கோப்பால் கருவி ஆன் ஆகாமல் உறைந்தால், கார்டைக் கழற்றியதும் மீண்டுவிடும். அதே கோப்பு உள் நினைவகத்தில் இருந்தால் கணினியோடு இணைப்பதே பெரும்பாடு.

நீங்கள் 'கண்டுபிடித்தேன்' என்று குறித்தவை வேறு கதை. அவை உள் நினைவகத்தின் கார்மின் ஃபோல்டரில் எழுதப்படுகின்றன. கார்டை மட்டும் நகலெடுத்துவிட்டு உள் நினைவகத்தைச் சுத்தம் செய்தால் நாள் முழுவதும் அலைந்த பதிவு போய்விடும்.

கழற்றுவதும் பூட்டுவதும்

கணினியில் 'எஜெக்ட்' கொடுக்காமல் கேபிளை உருவினால் கோப்பு அட்டவணை பாதியில் நிற்கும்; கார்டு கெடுவதற்கு இது முக்கியக் காரணம். பல மாடல்களில் கார்டு பேட்டரிக்கு அடியில், சிறிய உலோக மூடிக்குள் இருக்கும். முதலில் கருவியை அணையுங்கள். மூடியை அம்புக்குறிப் பக்கம் தள்ளித் தூக்குங்கள், நெம்பாதீர்கள். கார்டை வைத்து மூடியபின் எதிர்ப்பக்கம் தள்ளி 'க்ளிக்' என்று பூட்ட வேண்டும். பூட்டாத மூடியின் மேல் பேட்டரி உட்கார்ந்துவிடும், ஆனால் நடக்கும் குலுக்கலில் தொடர்பு விட்டுப்போகும்.

இந்த வேலையை வெளியில் செய்ய வேண்டாம். கார்டு 15 மில்லிமீட்டர் நீளம், 11 அகலம், 1 கனம். புல்லில் விழுந்தால் கேஷைத் தேடுவதைவிடக் கடினம். பின்மூடியின் ரப்பர் வளையத்தில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் தண்ணீர் புகுந்துவிடும், ஆகவே மூடுமுன் துணியால் ஒருமுறை துடையுங்கள்.

கிளம்புமுன் இரண்டு நிமிடம் போதும். வரைபட அமைப்புப் பக்கத்தில் நீங்கள் ஏற்றிய வரைபடத்தின் பெயர் பட்டியலில் இருக்கிறதா, தேர்வாகி இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு நாளைக்குத் தேடப்போகும் கேஷ்களில் ஒன்றைத் திறந்து விவரணை, குறிப்பு, கடைசிப் பதிவின் தேதி மூன்றையும் படியுங்கள். தேதி பழையதாக இருந்தால், பழைய கோப்பு எங்கோ ஒளிந்திருக்கிறது.