ஃபோர் ஃப்ரெஷ்மென் பாட்டில் நடுக் குரல்களைக் கேட்பது எப்படி?

நாகர்கோவிலில் எங்கள் சபை கொயரில் 22 வருஷம் ஆல்டோ, அதாவது பெண் குரல்களில் தாழ்ந்த பகுதி, பாடினேன். ஆல்டோ பாடுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். எந்தப் பாட்டைக் கேட்டாலும் மெட்டை விட்டுவிட்டு, அதற்குக் கீழே யார் என்ன பாடுகிறார்கள் என்று காது தேடும். அந்தக் காதை நான் தீட்டிக்கொண்டது ஃபோர் ஃப்ரெஷ்மென் என்ற அமெரிக்க நால்வர் குழுவின் ரெக்கார்டுகளை வைத்துத்தான். எப்படிச் செய்தேனோ அப்படியே எழுதுகிறேன். கொயரில் இருப்பவர்களுக்கு இது நேரடியாக உதவும். கர்நாடக சங்கீதம் மட்டும் கேட்டுப் பழகி, நாலு பேர் ஒரே நேரத்தில் நாலு ஸ்வரம் பாடினால் எதைக் கேட்பது என்று திகைப்பவர்களும் தைரியமாகத் தொடங்கலாம்.

முதலில் ஆட்களைத் தெரிந்துகொள்ளுங்கள். குரலைப் பிரிக்கப் பெயர் வேண்டும். 1948-இல் இண்டியானாபோலிஸ் நகரத்தில், பட்லர் பல்கலைக்கழகத்தின் ஆர்தர் ஜோர்டன் இசைப் பள்ளியில் படித்த பையன்கள் இவர்கள். ராஸ் பார்பர், டான் பார்பர் இருவரும் அண்ணன் தம்பி. பாப் ஃப்ளானிகன் அவர்களுக்குச் சொந்தக்காரர், கஸின். நாலாவது ஆள் ஹால் கிராட்ச். பாப் மேல் குரல், டான் இரண்டாவது, ராஸ் மூன்றாவது, ஹால் அடிக்குரல். பாட்டோடு வாத்தியமும் அவர்களே வாசித்தார்கள்: டான் கிதார், ராஸ் டிரம்ஸ், பாப் டிராம்போனும் டபுள் பாஸும், ஹால் டிரம்பெட். 1950-இல் ஓஹயோ மாநிலத்தின் டேட்டன் நகரில் இவர்களைக் கேட்ட ஸ்டான் கென்டன் என்ற ஜாஸ் பேண்ட் தலைவர்தான் கேப்பிடல் ரெக்கார்ட்ஸ் கம்பெனிக்கு வழி காட்டினார். 1952-இல் வந்த 'இட்ஸ் எ ப்ளூ வேர்ல்ட்' அவர்களை நாடறியச் செய்தது.

அடிக்குரல் மட்டும் ஆள் மாறிக்கொண்டே வந்தது. இதைக் கவனத்தில் வைத்தால் ஒரு ரெக்கார்டு எந்தக் காலத்தது என்று காதாலேயே சொல்லலாம். 1953 வரை ஹால், அங்கிருந்து 1956 வரை கென் எரேர், அப்புறம் நெடுங்காலம் கென் ஆல்பர்ஸ். நடுவில் நின்ற அண்ணன் தம்பி இருவரும் 1960 வரை பிரியவில்லை. ஒரே வீட்டில் வளர்ந்த இரண்டு குரல்கள் ஒட்டி நிற்பதால்தான் அந்த நடுப் பகுதி அத்தனை வழுவழுப்பாக இருக்கிறது என்பது என் நம்பிக்கை. கேட்கிறவர்களுக்கு அதுவே கஷ்டமும்.

கேட்க ஆரம்பிக்கும் முன் கீபோர்டில் ஐந்து நிமிஷம் செலவழிக்க வேண்டும். இதைத் தாண்டிப் போகாதீர்கள். டோ, மீ, சோ, டீ நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். சோல்ஃபா தெரியாதவர்களுக்கு: ச, அந்தர காந்தாரம், ப, காகலி நிஷாதம். நான்கும் ஒரே ஸ்தாயிக்குள் தோளோடு தோள் இடித்து நிற்கும். இதுதான் நெருக்கமான ஹார்மனி. இப்போது மேலிருந்து இரண்டாவதாக உள்ள சோவை மட்டும் ஒரு ஸ்தாயி கீழே இறக்குங்கள். கீழிருந்து சோ, டோ, மீ, டீ என்று வரும். அதே நான்கு ஸ்வரங்கள்தான். ஆனால் அறைக்கு ஜன்னல் திறந்த மாதிரி இருக்கும். ஃப்ரெஷ்மென் தேடிப்போன ஒலி இந்த அகலம். மேல் குரலுக்கும் அதற்கு அடுத்த குரலுக்கும் நடுவே நல்ல இடைவெளி விழுவதால் மெட்டு தெளிவாகக் கேட்கும், நடுக் குரல்கள் அதன் நிழலுக்குள் போய்விடும்.

இன்னொரு விஷயம். தொடக்கத்தில் இவர்கள் பாடியது பார்பர்ஷாப் முறை, அதாவது வாத்தியம் இல்லாமல் நாலு பேர் சேர்ந்து பாடும் பழைய அமெரிக்க வழக்கம். ஹாலின் பெயரில் 'ஹால்ஸ் ஹார்மனைசர்ஸ்' என்று ஒரு குழு வைத்திருந்தார்கள். அந்த முறையில் மெட்டு மேலிருந்து இரண்டாவது குரலில் ஓடும், அதற்கு மேலே டெனர் (உயர்ந்த ஆண் குரல்) ஒருவர் பாடுவார். ஃப்ரெஷ்மென் ஆனபோது மெட்டு உச்சிக்குப் போய்விட்டது. அதனால் இவர்களைக் கேட்கும்போது உச்சியில் கேட்பதையே மெட்டு என்று எடுத்துக்கொண்டு தொடங்கலாம்.

சரி, எந்த ரெக்கார்டு? 'ஃபோர் ஃப்ரெஷ்மென் அண்ட் ஃபைவ் டிராம்போன்ஸ்' என்ற ஆல்பத்தை எடுங்கள். 1955-இல் பதிவானது, 12 பாட்டு, வாத்திய அமைப்பு பீட் ருகோலோ. கென்டன் பேண்டுக்கு எழுதிப் பழகியவர் அவர். அந்த பேண்டின் டிராம்போன் வரிசையைப் போல மனிதக் குரல் ஒலிக்க வேண்டும் என்பது இந்த நால்வரின் ஆசை. அந்த வாத்தியத்தையே ஐந்து பேர் கையில் கொடுத்து இவர்கள் பின்னால் நிற்க வைத்தது எத்தனை பொருத்தம்! டிராம்போனில் கட்டை கிடையாது. குழாயை இழுத்துத்தான் ஸ்வரம் பிடிக்க வேண்டும். ஆகவே குரல் போலவே இம்மி ஏற்றி இறக்கிச் சுருதி சேர்க்க முடியும். 1957-இல் ஐந்து டிரம்பெட்டோடு ஓர் ஆல்பமும், ஐந்து சாக்ஸபோனோடு ஓர் ஆல்பமும் வந்தன. அவற்றை அப்புறம் கேட்டால் போதும். டிரம்பெட் மேலே மின்னும்போது டான் குரல் மூழ்கிவிடுகிறது.

பழைய எல்பி வாங்குகிறவர்கள் உறையில் 'டுவோஃபோனிக்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வேண்டாம். மோனோவில், அதாவது இடம் வலம் பிரிக்காமல் ஒரே தடத்தில், பதிவான பாட்டை 1961-இலிருந்து கேப்பிடல் கம்பெனி ஸ்டீரியோ மாதிரி மாற்றி விற்ற முறை அது. ஒரு பக்கம் உயர்ந்த ஒலியைத் தூக்கி, மறு பக்கம் தாழ்ந்த ஒலியைத் தூக்கி, நடுவே ஒரு சின்னத் தாமதம் வைத்தார்கள். நான் முதலில் வாங்கியது அப்படி ஒன்று. மூன்று வாரம் நடுக் குரலைத் தேடினேன். எல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலவே இருந்தது. மோனோ கிடைத்த அன்றைக்கு நாலு பேரும் ஒரே இடத்தில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நிற்பது போல் கேட்டது. போனில் கேட்பதானாலும் மோனோ என்று போட்ட பதிப்பையே தேர்ந்தெடுங்கள். குரலை வாத்தியத்திலிருந்து பிரித்துத் தரும் ஆப்களையும் முயன்று பார்த்தேன். டிராம்போன் போகிறது, கூடவே குரலின் ஓரமும் தேய்ந்துவிடுகிறது. நாலு குரலை நாலாகப் பிரிக்க உங்கள் காதைத்தான் பழக்க வேண்டும்.

இனி வேலை. மெதுவான பாட்டு ஒன்றை எடுத்து, அதில் ஒரே ஒரு வரியை மட்டும் திரும்பத் திரும்ப ஓட விடுங்கள். சுருதி மாறாமல் வேகத்தை 75 சதவீதத்துக்குக் குறைக்கும் வசதி போன் ஆப்களில் இருக்கிறது. ஹெட்ஃபோன் அவசியம். முதல் நாள் ஃப்ளானிகனோடு சேர்ந்து மெட்டைப் பாடுங்கள். வாய்க்கு வந்தபின் அதை விட்டுவிடுங்கள். இரண்டாம் நாள் அடிக்குரல். இங்கே ஒரு குழி இருக்கிறது: அடியில் கேட்பது குரலா, டபுள் பாஸா, அந்த ஐந்து டிராம்போன்காரர்களில் ஒருவரான ஜார்ஜ் ராபர்ட்ஸின் பாஸ் டிராம்போனா என்று குழம்பும். வார்த்தையைப் பிடித்துக்கொண்டு போங்கள். எழுத்து எங்கே உடைகிறதோ அங்கே இருப்பது மனிதன்.

மேலும் கீழும் கிடைத்த பிறகு, இரண்டு கரைக்கும் நடுவே ஆறு எங்கே ஓடுகிறது என்று தேடுவது போலத்தான். வரியின் கடைசி வார்த்தையில் நால்வரும் நீட்டி நிற்பார்கள். அங்கே ரெக்கார்டை நிறுத்திவிட்டு, மெட்டின் ஸ்வரத்தை உடனே மனதில் பிடித்துக்கொண்டு, அதற்குக் கீழே கீபோர்டில் ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பாருங்கள். மனதில் நிற்கும் ஒலியோடு முட்டாமல் கரையும் கட்டை எதுவோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். இப்படிக் கடைசி கார்டிலிருந்து (கார்டு என்பது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) பின்னோக்கி வாருங்கள். முன்னிருந்து போனால் மெட்டு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும். எனக்கு முதல் வரிக்கு நாலு நாள் ஆனது. மூன்றாவது வரிக்கு ஒரு மாலை போதுமாக இருந்தது.

ராஸ் குரல் முதலில் கிடைக்கும், டான் குரல் கடைசியில். டான் பாடும் வரி பல இடங்களில் அசையாது. மெட்டு ஏறி இறங்கும்போது ஒரே ஸ்வரத்தில் நின்று, அரை ஸ்வரம், அதாவது கீபோர்டில் பக்கத்துக் கட்டை அளவு, மட்டும் நகர்ந்து, மறுபடி நிற்கும். அந்த அரை ஸ்வரத்தில்தான் கார்டின் நிறமே மாறும். அதை முதல் தடவை தனியாகக் கேட்ட இரவு நான் அழுதுவிட்டேன். 22 வருஷம் நான் செய்த வேலை இதுதானே என்று தோன்றியது.

கண்டுபிடித்ததைப் பாடிப் பார்க்கும்போது கீபோர்டை மூடிவிடுங்கள். கீபோர்டின் மீ, இயற்கையான மீயைவிட ஏறக்குறைய 14 சென்ட் உயரம், அதாவது அரை ஸ்வரத்தில் ஏழில் ஒரு பங்கு. காதுக்குத் தெரியும் வித்தியாசம் இது. நன்றாகச் சுருதி சேர்த்த தம்புராவின் மந்தர ஸட்ஜத் தந்தியிலிருந்து, யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் தானாக எழும்புவதைக் கேட்டிருப்பீர்கள். அங்கேதான் உண்மையான மீ இருக்கிறது. ஃப்ரெஷ்மென் நீட்டி நிற்கும் இடங்களில் குரலை நடுக்காமல் நேராகப் பிடித்ததால் அது போன்ற மேலொலிகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டன. நாலு பேரைவிட அதிகம் பேர் பாடுவது போல் தோன்றுவது அதனால்தான். ஆகவே ஸ்வரம் எது என்று தெரிந்துகொள்ள மட்டும் கீபோர்டு, சேர்ந்து பாட ரெக்கார்டு.

இந்த வழியில் எனக்கு முன்னால் நடந்தவர் பீச் பாய்ஸ் என்ற அமெரிக்க பாப் குழுவின் பிரையன் வில்சன். கலிபோர்னியாவின் ஹாதார்ன் ஊரில் பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது, ஃப்ரெஷ்மென் ரெக்கார்டைக் கொஞ்சம் ஓட்டி, நிறுத்தி, பியானோவில் ஒவ்வொரு குரலாகத் தேடி எடுத்தார். 1958-இல் 16-ஆவது பிறந்தநாளுக்கு டேப் ரெக்கார்டர் கிடைத்ததும் அம்மாவையும் தம்பி கார்லையும் ஆளுக்கு ஒரு பார்ட் பாட வைத்துப் பதிவு செய்தார். பீச் பாய்ஸ் 1963-இல் பாடிய 'எ யங் மேன் இஸ் கான்', ஃப்ரெஷ்மென் பாடிய 'தேர் ஹார்ட்ஸ் வேர் ஃபுல் ஆஃப் ஸ்பிரிங்' என்ற பாட்டுக்கு வேறு வரிகள் போட்டது. வாத்தியமே கிடையாது. முதலில் இதைக் கேட்டு நடுக் குரலைப் பிடித்துக்கொண்டு, பிறகு மூலப் பாட்டுக்குப் போனால் ஒரு மாத வேலை ஒரு வாரத்தில் முடியும்.

தனியாகச் செய்து முடித்த பிறகு ஆள் சேருங்கள். முழுப் பாட்டு வேண்டாம், ஒரு வரியின் கடைசி இரண்டு கார்டு போதும். ஆளுக்கு ஒரு ஸ்வரம், எல்லோருக்கும் ஒரே உயிரெழுத்து. 'ஊ' என்று வைத்துக்கொண்டால் உதடு எல்லோருக்கும் ஒரே அளவு குவிய வேண்டும், இல்லாவிட்டால் சுருதி சரியாக இருந்தும் பூட்டாது. ஆல்டோக்கள் டான் வரியை அதே சுருதியில் பாடலாம். ராஸ் வரி என் குரலுக்கு எட்டாத ஆழம் போகிறது, அதற்கு ஒரு டெனரைப் பிடித்துக்கொள்ளுங்கள். அடிக்கு ஆள் கிடைக்காவிட்டால் செல்லோவோ கீபோர்டோ வையுங்கள். மெட்டு பாட யாரையும் தேட வேண்டாம். ரெக்கார்டை ஓட விடுங்கள், ஃப்ளானிகன் பாடிக்கொள்வார்.