சாரல் ஊரில் டிரெட்மில்லா, சைக்கிளா? வீட்டுக்கு உடற்பயிற்சிக் கருவி வாங்கும் முன்

ஜூன் பிறந்து ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று இறங்கத் தொடங்கிவிட்டால், செங்கோட்டையிலும் தென்காசியிலும் காலை நடை போகிறவர்களின் வழக்கம் குலைந்துவிடும். குண்டாறு அணைப் பக்கம் நடந்துவந்தவர்கள் இரண்டு நாள் நனைந்ததும் நின்றுவிடுவார்கள். புளியரைச் சாலையில் நடக்கலாம் என்றால், கேரளத்துக்குப் போகும் லாரிகள் ஓரத்தில் ஆளுக்கு இடம் விடுவதில்லை. சாரல் ஓய்ந்து சற்று மூச்சுவிடுவதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும். ஆகவே எங்கள் பக்கத்து வீடுகளில் "ஒரு டிரெட்மில் வாங்கிப் போட்டுவிட்டால் என்ன" என்ற பேச்சு ஆண்டுதோறும் எழுகிறது. அப்படி வாங்கியவற்றில் கணிசமானவை இப்போது ஈரத் துணி காயப்போடப் பயன்படுகின்றன என்பதால், வாங்கும் முன் பார்க்கவேண்டியவற்றைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் தேவை எவ்வளவு என்று தெரிந்துகொள்ள வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வயது வந்தோருக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான பயிற்சியோ, 75 முதல் 150 நிமிடம் வரை கடுமையான பயிற்சியோ போதும். வாரம் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலே 150 நிமிடம் வந்துவிடும். மிதமான பயிற்சி என்பதற்கு எளிய அளவுகோல் உண்டு: பயிற்சியின் நடுவே பக்கத்தில் இருப்பவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. எண்ணாகப் பார்க்க விரும்புகிறவர்கள் 220-இலிருந்து வயதைக் கழித்து, வரும் எண்ணில் 50 முதல் 70 விழுக்காட்டுக்குள் நாடித்துடிப்பை வைத்துக்கொள்ளலாம். 50 வயதுக்காரருக்கு இது நிமிடத்துக்கு 85 முதல் 119 வரை. இது தோராயக் கணக்குதான். இரத்த அழுத்தத்துக்காக நாடித்துடிப்பைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் பேச்சு அளவுகோலையே நம்பலாம். இதய நோய், நெஞ்சுவலி, கட்டுப்படாத சர்க்கரை இருப்பவர்கள் கடைக்குப் போகும் முன் மருத்துவரிடம் போக வேண்டும்.

மிதமான அரை மணி நேரத்துக்கு எந்தக் கருவியும் போதும் என்பது இதிலிருந்தே விளங்கும். எனவே எந்தக் கருவி அதிகக் கலோரி எரிக்கும் என்ற கேள்வியில் நேரம் செலவிட வேண்டியதில்லை. கருவியின் திரையில் ஓடும் கலோரி எண்ணும் வெறும் ஊகமே. உங்கள் முழங்கால் எதைத் தாங்கும், உங்கள் வீட்டு மின் இணைப்பு எதைத் தாங்கும், பழுதானால் யார் வருவார் ஆகிய மூன்றுமே கேட்கவேண்டிய கேள்விகள்.

நடப்பது எல்லோருக்கும் தெரிந்த வேலை, கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. டிரெட்மில்லின் பெரிய பலம் இதுதான். அதன் பலவீனம், வீட்டுக் கருவிகளிலேயே மின்சாரத்தையும் பராமரிப்பையும் அதிகம் கேட்பது. கடையில் ஒட்டியிருக்கும் குதிரைத்திறன் எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது. மோட்டார் ஒரு நொடி எட்டக்கூடிய உச்சத்திறன் ஒன்று, தொடர்ந்து தரக்கூடிய திறன் வேறு. பெரிய எழுத்தில் அச்சிடப்படுவது முன்னது, நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டியது பின்னது. நடப்பதற்கு மட்டும் என்றால் தொடர்திறன் 1.5 முதல் 2 குதிரைத்திறன் வரை போதும், மெல்லோட்டத்துக்கு 2.5, தினமும் ஓடுகிறவர் இருந்தால் 3. இன்னொரு செய்தி பலருக்கு வியப்பாக இருக்கும்: கனமான ஆள் மெதுவாக நடப்பதுதான் மோட்டாருக்குக் கடும் சோதனை, இளைஞர் வேகமாக ஓடுவது அல்ல. ஆகவே கடையில் சோதிக்கும்போது வேகத்தை மணிக்கு 3 கிலோமீட்டரில் வைத்து, குதிகாலை அழுத்தி ஊன்றி நடந்து பாருங்கள். பெல்ட் ஒரு கணம் தயங்கி நின்று ஓடினால் அந்தக் கருவி வேண்டாம்.

பெல்ட்டின் அளவும் முக்கியம். நடப்பதற்கு 40 சென்டிமீட்டருக்குக் குறையாத அகலமும் 120 சென்டிமீட்டர் நீளமும் வேண்டும். ஓடுவதற்கு 50-க்கு 140. கருவி தாங்கும் எடை என்று குறிப்பிடப்பட்டிருப்பது, வீட்டிலேயே கனமானவரின் எடையைவிட 15, 20 கிலோவாவது கூடுதலாக இருக்கட்டும். மேசைக்கு அடியில் தள்ளிவைக்கக்கூடிய, கைப்பிடி இல்லாத நடைப்பலகைகள் இப்போது நிறைய வருகின்றன. இளையவர்களுக்கு அவை பரவாயில்லை, ஆனால் தள்ளாடும் வயதில் இருப்பவரைக் கைப்பிடி இல்லாத ஓடும் பட்டையில் ஏற்றக் கூடாது. மோட்டாரே இல்லாமல் காலால் தள்ளி ஓட்டும் மலிவு விலை டிரெட்மில்லையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குனிந்து தள்ளுவதில் இடுப்பு நோவதே மிச்சம்.

இப்போது மின்சாரம். வீட்டில் மிக்சியும் மின்விசிறியும் ஓடும் சாதாரணப் பிளக் 6 ஆம்பியருக்கு உரியது. 230 வோல்ட்டில் அது தரக்கூடியது 1,380 வாட். ஒரு குதிரைத்திறன் 746 வாட் என்பதால், 2 குதிரைத்திறன் மோட்டார் முழு மூச்சில் இழுத்தால் 1,492 வாட் ஆகி, அந்தப் பிளக்கின் எல்லையைத் தாண்டிவிடும். எனவே டிரெட்மில்லுக்கு எர்த் சரியாக உள்ள 16 ஆம்பியர் பவர் பிளக் வேண்டும். நீட்டிப்புப் பெட்டியில் செருகி ஓட்டுவது ஆபத்து. தோட்டங்களில் மோட்டார் ஓடும் நேரத்தில் எங்கள் தெருவில் விளக்கு மங்குவது பழகிப்போன காட்சி. அப்படி மின்னழுத்தம் ஏறி இறங்கும் இடத்தில் கருவியின் உள்ளே மோட்டாரைக் கட்டுப்படுத்தும் மின்பலகை சீக்கிரம் போகும், ஆகையால் அதன் திறனுக்கேற்ற ஸ்டெபிலைசரின் விலையையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும். வீட்டு இன்வெர்ட்டரில் டிரெட்மில் ஓடாது. ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் பட்டை சட்டென நிற்கும் என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைக்க வேண்டும்.

பராமரிப்பைப் பற்றிச் சொல்ல எனக்குச் சொந்த அனுபவமே இருக்கிறது. டிரெட்மில் பட்டைக்கும் அதன் அடியிலுள்ள பலகைக்கும் இடையே சிலிக்கான் எண்ணெய் விட வேண்டும். கருவியோடு வந்த சிறு புட்டி தீர்ந்ததும், என் மாமனார் நல்லெண்ணத்தோடு தேங்காய் எண்ணெயை ஊற்றிவிட்டார். முதல் வாரம் பட்டை வழுக்கிக்கொண்டு ஓடியது. பிறகு தூசி ஒட்டி, பசைபோல் ஆகி, மோட்டாரிலிருந்து கருகிய வாடை வரத் தொடங்கியது. பழுது பார்க்க வந்த தம்பி பட்டையின் ஓரத்தைத் தூக்கி விரலை உள்ளே விட்டு, மூக்கருகே கொண்டுபோய், "அண்ணாச்சி, தோசைக்கல்லுக்குத் தடவுற மாதிரி தடவிட்டீங்களே" என்றார். பட்டையை மாற்ற வேண்டியதாயிற்று. இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பட்டையின் நடுப்பகுதி வரை கையை விட்டுத் தடவிப் பாருங்கள். விரலில் மெல்லிய வழுவழுப்பு ஒட்டினால் எண்ணெய் இருக்கிறது. வறண்டிருந்தால் கையேட்டில் சொன்ன அளவு சிலிக்கான் எண்ணெய் மட்டும் விட வேண்டும்.

அதற்கு முன்பே எனக்கு இன்னொரு பாடம் கிடைத்திருந்தது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்த ஊர். இன்றும் கேரளத்துப் புனலூரிலும் கொல்லத்திலும் உறவும் கடைப்பழக்கமும் விட்டுப்போகவில்லை. ஆடித் தள்ளுபடி இந்தப் பக்கம், ஓணத் தள்ளுபடி அந்தப் பக்கம் என்று இரண்டையும் ஒப்பிட்டு வாங்குவது எங்களுக்குக் கைவந்த கலை. அப்படி ஓணத்தின்போது எல்லைக்கு அந்தப்புறம் வாங்கிய கருவியின் மின்பலகை நான்காம் மாதம் போயிற்று. அந்தப்புறத்து சர்வீஸ் மையம் முகவரி தமிழ்நாடு என்றது. இந்தப்புறத்து மையம் பில் கேரளத்துடையது என்றது. ஆறு வாரம் கருவி அசையாமல் கிடந்தது. இதைச் சொல்வது எல்லை தாண்டி வாங்காதீர்கள் என்பதற்காக அல்ல. வாங்கும் முன்பே உங்கள் அஞ்சல் குறியீட்டைச் சொல்லி, எந்த ஊர் ஆள் வருவார், வந்துபோகும் செலவு யாருடையது, இரும்புச் சட்டம், மோட்டார், மின்பலகை, பட்டை ஒவ்வொன்றுக்கும் வாரண்டி எத்தனை ஆண்டு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சட்டத்துக்குப் பத்தாண்டு வாரண்டி என்று பெரிதாக அச்சிடுவார்கள், ஆனால் இரும்புச் சட்டம் போவதில்லை, போவது மின்பலகையும் பட்டையும்தான். இணையத்தில் வாங்குகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

மேற்சொன்ன தொல்லைகளில் பெரும்பகுதி இல்லாத கருவி, நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிள். எல்லையோரச் சிற்றூர் வீட்டுக்கு ஒன்றே ஒன்று சொல்லுங்கள் என்றால் நான் அதைத்தான் சொல்வேன். காந்தத் தடை உள்ள சைக்கிளுக்கு மின் இணைப்பே தேவையில்லை, அல்லது திரைக்கு மட்டும் இரண்டு பேட்டரி போதும். கம்பளித் துண்டு உரசித் தடை தரும் வகை மலிவு, ஆனால் துண்டு தேயும், சத்தம் போடும். உடல் எடையை இருக்கை தாங்குவதால் முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கும் இது ஒத்துப்போகும். முதுகுவலி உள்ளவர்கள், சாய்ந்து உட்கார்ந்து காலை முன்னால் நீட்டி மிதிக்கும் வகையைப் பார்க்கலாம். பெடல் மிகத் தாழ்ந்த நிலையில் இருக்கும்போது முழங்கால் லேசாக மட்டும் மடங்கியிருக்குமாறு இருக்கை உயரத்தை வைக்க வேண்டும். வீட்டில் குட்டையானவருக்கும் நெட்டையானவருக்கும் அந்த உயரம் கிடைக்கிறதா என்று இருவரையும் கடைக்கு அழைத்துப்போய்ப் பார்ப்பதே சரி. தடையை உச்சத்தில் வைத்து மிதிக்கும்போது அடித்தளம் ஆடினாலோ, பெடல் கோல் தளர்ந்து கடகடவென்று ஆடினாலோ விட்டுவிடுங்கள்.

கிராஸ் டிரெயினர் நின்றபடி கையையும் காலையும் சேர்த்து இயக்குவது. பாதம் பலகையை விட்டு எழாததால் மூட்டில் அதிர்ச்சி குறைவு. வாங்கினால் காலடி வீச்சு 40 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கட்டும், உயரமானவருக்கு 45-க்கு மேல்; அதற்குக் குறைந்தால் நடப்பதுபோல் இராது, குதிப்பதுபோல் இருக்கும். இதில் யாரும் முன்கூட்டி யோசிக்காத ஒன்று மின்விசிறி. மிதிபலகையில் ஏறி நின்றால் ஆள் ஏறத்தாழ ஓர் அடி உயர்ந்துவிடுகிறார். தாழ்வான கூரையுள்ள வீட்டில் நெட்டையானவரின் தலைக்கும் விசிறி இறக்கைக்கும் உள்ள இடைவெளியை நாற்காலி போட்டு அளந்துவிட்டே பணத்தைக் கொடுக்க வேண்டும்.

துடுப்புப் போடும் இயந்திரம் உடலெங்கும் வேலை தரும், ஆனால் ஏறத்தாழ எட்டடி நீளம் கேட்கும். தாழ்ந்த இருக்கையில் உட்கார்ந்து எழுவது முழங்கால் வலிக்காரருக்குத் துன்பம். மூட்டு நன்றாக உள்ள இளையவர்களுக்கு ஸ்கிப்பிங் கயிறே போதும் என்பேன். கயிற்றின் நடுவில் காலை வைத்து நிமிர்ந்து நின்றால் இரு கைப்பிடிகளும் அக்குள் வரை வர வேண்டும், அதுவே சரியான நீளம்.

கருவி எங்கே நிற்கும் என்பதைச் சாக்கட்டியால் தரையில் கோடு போட்டுப் பாருங்கள். டிரெட்மில் என்றால் அதன் பின்னால் இரண்டு மீட்டரும் பக்கங்களில் அரை மீட்டரும் வெற்றிடம் வேண்டும், ஏனெனில் தடுமாறுகிறவர் பின்னால்தான் எறியப்படுவார். சுவருக்கு முதுகு காட்டி வைக்கவே கூடாது. தார்சாவில், அதாவது முன்பக்கத் திறந்த தாழ்வாரத்தில், காற்று நன்றாக வரும், ஆனால் சாரலும் கூடவே வரும். இரும்பு துருப்பிடிப்பதோடு, திரைக்குள் ஈரம் இறங்கிவிடும். பட்டாசலில், அதாவது உள்கூடத்தில், ஜன்னலை விட்டுத் தள்ளி வைப்பதே நல்லது. மரத்தட்டு போட்ட பழைய மச்சில் டிரெட்மில்லை ஏற்ற வேண்டாம். மழைக்காலத்தில் மோட்டார் மூடிக்குள் பல்லியும் எறும்பும் குடிபுகும், வயரை எலி கடிக்கும்; மாதம் ஒருமுறை இணைப்பைப் பிடுங்கிவிட்டுச் சுற்றிலும் பார்த்துக்கொள்வது செலவில்லாத பராமரிப்பு. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில், பயிற்சி முடிந்ததும் டிரெட்மில்லின் பாதுகாப்புச் சாவியை எடுத்துப் பீரோவில் வைத்துவிட வேண்டும். ஓடும் பட்டை விரலைப் பிடித்தால் விடாது.

பழைய கருவி வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: சைக்கிள் என்றால் தாராளமாக வாங்கலாம். டிரெட்மில் என்றால் ஆளை ஏற்றிப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, மோட்டார்ப் பக்கம் மோந்து பார்த்து, பட்டையின் அடிப்பக்கம் தேய்ந்து பளபளக்கிறதா என்று தடவிப் பார்த்த பிறகு விலை பேசுங்கள்.

வாங்குவதற்கு முன் இன்னொன்றும் செய்யலாம். தென்காசியில் உள்ள ஏதாவது ஒரு ஜிம்மில் ஒரு மாதக் கட்டணம் கட்டி, எந்தக் கருவியில் உங்கள் கால் தானாகப் போய் ஏறுகிறது என்று கவனியுங்கள். வீட்டில் மற்றவர்கள் பயன்படுத்துவார்கள் என்ற கணக்கில் வாங்காதீர்கள். நான் அந்தக் கணக்குப் போட்டேன், கடைசியில் மிதிப்பது நான் ஒருவன்தான்.

கருவி வீடு வந்து சேர்ந்த அன்றே, சட்டத்தில் ஒட்டியுள்ள வரிசை எண்ணையும் பில்லையும் கைபேசியில் படம் எடுத்துவிட்டு, பில்லுக்கு ஒரு ஜெராக்சும் போட்டுவையுங்கள். கடையில் தரும் வழவழப்பான தாளில் அச்சாகும் எழுத்து, எங்கள் ஊர் ஈரத்தில் இரண்டாம் ஆடிக்குள் வெளுத்துப்போகிறது. வெள்ளைத் தாளைக் காட்டினால் எந்த சர்வீஸ் மையமும் வாரண்டி தராது.