இசே ஆலயத்துக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஜப்பானின் மியே மாகாணத்தில் இருக்கும் இசே ஆலயத்தில் பலரும் முதலில் கோட்டைவிடுவது வரிசையை. சூரிய தெய்வம் அமதெராசு உறையும் உள் ஆலயமான நைக்கூவுக்கே நேராகப் போய்விடுகிறார்கள். சடங்குகள் பெரும்பாலும் உணவுத் தெய்வமான தொயோஉகேயின் வெளி ஆலயமான கெக்கூவில்தான் தொடங்கும். வழிபட வருபவர்களுக்கும் அதே முறைதான். இசேஷி ரயில் நிலையத்திலிருந்து கெக்கூ 5 நிமிட நடை. அங்கிருந்து நைக்கூவுக்குப் பேருந்தில் 15 முதல் 20 நிமிடம்.

பாதையின் நடுவில் நடக்கக் கூடாது. கெக்கூவில் இடப்பக்கம், நைக்கூவில் வலப்பக்கம்.

கை கழுவும் இடத்தில்தான் தடுமாற்றம் அதிகம். ஒரு அகப்பை நீருக்குள் எல்லாம் முடிய வேண்டும். முதலில் இடக்கை, பிறகு வலக்கை. அடுத்து இடது உள்ளங்கையில் நீர் ஏந்தி வாய் கொப்பளித்து, மறுபடி இடக்கையைக் கழுவ வேண்டும். மீதி நீர் கைப்பிடி வழியே வழியும்படி அகப்பையை நிமிர்த்திப் பிடித்துவிட்டுக் கவிழ்த்து வைக்கலாம். அகப்பையில் வாய் வைப்பதும், மீதியைத் தொட்டியிலேயே ஊற்றுவதும் கூடவே கூடாது.

பிரதான சன்னதியில் இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, ஒரு முறை குனிய வேண்டும். அங்கே நன்றி சொல்வதே மரபு. சொந்த வேண்டுதல் இருந்தால் நைக்கூவில் அரமாட்சுரி, கெக்கூவில் தாகா என்ற துணைச் சன்னதிகளுக்குப் போகலாம். நைக்கூவின் கல்படிகளுக்கு மேல் கேமராவுக்கு அனுமதி இல்லை.

கட்டடத்தைப் பார்க்கவென்றே போனால் ஏமாற்றம்தான். பல அடுக்கு வேலிகளுக்கு மேலே கூரை மட்டுமே தெரியும். அதையாவது கவனித்துப் பாருங்கள்: முகட்டுக் குறுக்குக் கட்டைகள் நைக்கூவில் 10, கெக்கூவில் 9. கூரை முனையில் நீட்டி நிற்கும் மரங்களின் நுனி நைக்கூவில் கிடைமட்டமாகவும் கெக்கூவில் செங்குத்தாகவும் வெட்டப்பட்டிருக்கும்.

பக்கத்தில் இருக்கும் காலி இடத்தை வெறும் திடல் என்று கடந்துவிடுகிறார்கள். 20 ஆண்டுக்கு ஒருமுறை ஆலயம் அங்கே புதிதாக எழும்பும். 2013இல் நடந்தது 62ஆவது முறை, அடுத்தது 2033. 690இல் தொடங்கி இடைவிடாமல் நடப்பதாக எழுதுவதும் பிழை: உள்நாட்டுப் போர்க் காலத்தில் 120 ஆண்டுக்கும் மேல் நின்றுபோயிருந்தது. பழைய மரம் வீணாவதும் இல்லை. சன்னதியின் முகட்டைத் தாங்கிய தூண்கள் நைக்கூவின் நுழைவில் உள்ள உஜி பாலத்தின் இரு முனைகளிலும் தோரி வாயில்களாகின்றன. அங்கே 20 ஆண்டு நின்றபின் குவானா, செகி ஊர்களின் வாயில்களுக்குப் போகின்றன.