டே கேர் ஆபரேஷன் என்றால் தள்ளிப்போடலாமா? கொரோனா காலத்தில் நாங்கள் செய்த தவறுகள்

போன மாதம் எங்கள் ஜூனியர் டாக்டர்கள் இரண்டு பேர் ஒரு பட்டியல் போட்டுக்கொண்டு வந்தார்கள். இன்னொரு பெருந்தொற்று வந்தால் சிறுநீரகப் பிரிவில் எந்த ஆபரேஷனை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று. நல்ல முயற்சிதான். ஆனால் முதல் கட்டத்திலேயே ‘படுக்கை வேண்டும், வேண்டாம்’ என்று பிரித்து, படுக்கை வேண்டாத, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பும் டே கேர் வரிசை முழுவதற்கும் ‘தள்ளிப்போடலாம்’ என்று எழுதியிருந்தார்கள். 2020 மார்ச்சில் நான் போட்ட பட்டியலும் அச்சு அசலாக இப்படித்தான் இருந்தது. மாஸ்க், பரிசோதனை, இடைவெளி எல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதற்குள் போகவில்லை.

டே கேர் என்றால் அவசரமில்லை என்று நினைப்பது

இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்னும் ஆறவில்லை.

சிறுநீர்ப்பையில் கட்டி இருந்தால், சிறுநீர் வரும் வழியாகவே கருவியை விட்டு அதைச் சுரண்டி எடுப்போம். டியூஆர்பிடி என்போம். வயிற்றில் கத்தி படாது, பலர் அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம். அதனால் கேட்பவர்களுக்கு இது சின்ன வேலையாகத் தோன்றுகிறது. ஆனால் நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைச் சொல்வதே இந்த ஆபரேஷன்தான். சுரண்டி எடுத்த துண்டுகளோடு அடியில் இருக்கும் தசையும் பயாப்ஸிக்குப் போனால்தான், கட்டி மேலோட்டமாக நிற்கிறதா, தசைக்குள் இறங்கிவிட்டதா என்று உறுதியாகத் தெரியும். அதற்கு முன்பே ‘இவர் காத்திருக்கலாம்’ என்று எழுதுவது கண்ணைக் கட்டிக்கொண்டு எழுதுவது.

2020 ஏப்ரலில் ஒருவர் வந்தார், அறுபதைத் தாண்டியவர். சிறுநீரில் ரத்தம், வலி இல்லை, இரண்டே நாளில் நின்றுவிட்டது. சிஸ்டோஸ்கோப்பியில், அதாவது சிறுநீர்ப்பைக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்த்தபோது இடது பக்கச் சுவரில் ஒரு கட்டி, மெல்லிய காம்போடு நீரில் அசைந்துகொண்டிருந்தது. பார்வைக்குச் சாதுவான கட்டி. “ரத்தம்தான் நின்னுடுச்சே டாக்டர், இந்த நேரத்துல ஆஸ்பத்திரிக்கு வரணுமா?” என்று கேட்டார். சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் ரத்தம் வந்து தானாக நிற்பது வழக்கம், நின்றது நல்ல செய்தியே இல்லை, இது எனக்குத் தெரியும். தெரிந்தும் 3 வாரம் கழித்துப் பார்க்கலாம் என்றேன். டே கேர் தியேட்டரை வார்டாக மாற்றிவிட்டார்கள், மயக்க மருந்து டாக்டர்கள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட்டார்கள், 3 வாரம் 11 வாரமானது. கடைசியில் உள்ளே போய்ப் பார்த்தபோது அந்தக் காம்பைக் காணோம், அடிப்பகுதி அகலமாக, கெட்டியாக இருந்தது. பயாப்ஸியில் தசைக்குள் இறங்கியிருந்தது. அப்புறம் கீமோ, அதற்குப் பிறகு சிறுநீர்ப்பையையே எடுக்க வேண்டியதாயிற்று. முதலிலேயே செய்திருந்தால் வேறு மாதிரி இருந்திருக்குமா என்று அவர் மகள் கேட்டார். என்னிடம் பதில் இல்லை, பதில் சொல்லக்கூடிய ஒரே பரிசோதனையைத் தள்ளிப்போட்டவனே நான்தான்.

இதில் இன்னும் எரிச்சலூட்டுவது ஒன்று உண்டு. இந்த ஆபரேஷனைப் பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தே செய்துவிடலாம். வென்டிலேட்டர் வேண்டாம், பலருக்கு ராத்திரிப் படுக்கையும் வேண்டாம். எதற்கெல்லாம் தட்டுப்பாடு இருந்ததோ அதில் எதையும் கேட்காத ஆபரேஷனை முதல் ஆளாக நிறுத்தினோம். ஐரோப்பிய சிறுநீரியல் சங்கம் 2020இல் கொடுத்த வழிகாட்டுதலில், 6 வாரத்துக்கு மேல் தள்ளினால் பாதிப்பு வர வாய்ப்பு மிக அதிகமாக உள்ளவர்கள், 3 மாதம் தள்ளினால் வரலாம் என்பவர்கள், 6 மாதம் தள்ளினாலும் வர வாய்ப்பு மிகக் குறைவாக உள்ளவர்கள் என்று நோயாளிகளைப் பிரித்திருந்தார்கள். நோயை வைத்துப் பிரித்தார்கள், படுக்கையை வைத்து இல்லை.

இரண்டாவது முறை சுரண்டுவதையும் இதே கணக்கில் வெட்டினோம். முதல் முறை எடுத்ததில் தசை வரவில்லை என்றாலோ, கட்டி தசைக்கு முந்தைய அடுக்கு வரை போயிருந்தாலோ 2 முதல் 6 வாரத்துக்குள் மறுபடி உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். ‘ஏற்கெனவே ஆபரேஷன் ஆனவர்’ என்று இவர்களைப் பட்டியலின் அடியில் போட்டு வைத்திருந்தோம்.

காத்திருந்த நாளைத் தப்பான இடத்திலிருந்து எண்ணுவது

நம் பதிவேட்டில் ஆபரேஷனுக்குப் பெயர் எழுதிய நாள்தான் இருக்கும். நோயாளிக்குக் காத்திருப்பு தொடங்கியது முதல் தடவை ரத்தம் பார்த்த அன்று. ஊரடங்கில் பயந்து வீட்டிலேயே இருந்த மாதங்கள் எந்தப் பதிவேட்டிலும் கிடையாது. கொரோனா உச்சத்தில் இருக்கும் 12 வாரத்தில் உலகம் முழுக்க சுமார் 2 கோடியே 84 லட்சம் ஆபரேஷன்கள் ரத்தாகும் அல்லது தள்ளிப்போகும் என்று கொரோனா கால ஆபரேஷன்களை ஆராய்ந்த கோவிட்சர்ஜ் என்ற சர்வதேச ஆய்வுக் குழு 2020இல் கணித்தது, ஆனால் அது ஆபரேஷன் வரை வரவேண்டியவர்களின் கணக்கு. டாக்டரிடமே வராதவர்கள் அதில் எங்கே? பெருந்தொற்று ஆண்டில் ‘புதிய நோயாளிகள் குறைந்தார்கள்’ என்று யாராவது எழுதிக்கொண்டு வந்தால், குறைந்தது நோயா, பரிசோதனையா என்று முதலில் கேளுங்கள்.

பயந்துபோய் எல்லாவற்றையும் அவசரம் ஆக்குவது

நான் இந்தப் பக்கமும் சாய்ந்து விழுந்திருக்கிறேன். அந்த நோயாளிக்குப் பிறகு, புற்றுநோய் என்று எழுதியிருந்தால் போதும், எல்லோரையும் மேலே ஏற்றினேன். ஆரம்ப நிலை, குறைந்த அபாயமுள்ள புராஸ்டேட் புற்றுநோய்க்குப் பெருந்தொற்று இல்லாத காலத்திலேயே கண்காணித்துக்கொண்டு இருப்பதுதான் பல பேருக்குச் சரியான வழி. பிரிட்டனில் நடந்த புராடெக்ட் ஆய்வில் ஆபரேஷன், கதிர்வீச்சு, கண்காணிப்பு என மூன்று பிரிவிலும் 15 ஆண்டு முடிவில் அந்த நோயால் இறந்தவர்கள் 3 சதவீத அளவில்தான் இருந்தார்கள். 4 சென்டிமீட்டருக்குக் குறைந்த சிறுநீரகக் கட்டியும் பெரும்பாலும் சில மாதம் பொறுக்கும். இவர்கள் முன்னால் நின்றால் சிறுநீர்ப்பைக்காரர் பின்னால் நிற்கிறார், அவ்வளவுதான் விஷயம்.

விரைக் கட்டியைக் காத்திருப்போர் பட்டியலில் சேர்ப்பது

கூடாது. கூடிய சீக்கிரம், சில நாளுக்குள் எடுத்துவிட வேண்டும்.

‘7 வாரம்’ என்று மனப்பாடமாகச் சொல்வது

கொரோனா வந்தவருக்கு 7 வாரம் கழித்து ஆபரேஷன் என்பது 2020 அக்டோபரில் ஆபரேஷன் ஆனவர்களை வைத்து வந்த முடிவு, தடுப்பூசி பரவலாகாத காலம். தள்ளிவைப்பதன் ஆபத்தையும் தராசில் வையுங்கள்.

அன்றே வீட்டுக்கு அனுப்புகிறோம் என்று சொல்லிக்கொடுக்காமல் அனுப்புவது

அன்றே அனுப்புவது பெருந்தொற்று கொடுத்த நல்ல பழக்கம். முன்பு இரண்டு நாள் வைத்திருந்தவர்களை மாலையே அனுப்பப் பழகினோம். ஆனால் வார்டில் நர்ஸ் பார்த்துக்கொண்டதை இப்போது வீட்டில் ஒருவர் பார்க்க வேண்டும். ஒரு அம்மாவைக் கதீட்டரோடு, அதாவது சிறுநீரைப் பையில் இறக்கும் குழாயோடு அனுப்பினோம், ராத்திரி 2 மணிக்கு அவர் மருமகள் போன் செய்தார்: “பையில ஒண்ணுமே இறங்கல சார், வயிறு கல்லு மாதிரி இருக்கு.” ரத்தக்கட்டி குழாயை அடைத்திருந்தது. பை 2 மணி நேரமாகக் காலியாக இருந்தால் கூப்பிடுங்கள் என்று யாரும் அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை. இப்போது அந்த வரியைப் பெரிய எழுத்தில் எழுதி, நோயாளியிடம் இல்லாமல் கூட வந்தவர் கையில் கொடுக்கிறோம், அவரையே ஒரு தடவை வாய்விட்டுப் படிக்கவும் சொல்கிறோம்.